வலது பக்கத்து முள்

மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். அடுத்தது கக்கூஸ். இவர் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே எங்கள் கறுப்புத் தண்ணீர் டேங்குகள் இரண்டும் ஒட்டினாற்போல் நிற்கும். இரண்டையும் விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்டார்.

"ம்மா, இது ரொம்பி கீது, அது காலி. எத்தினி நாளா இப்டி?"

"அது எப்பவும் காலிதாங்க. நாலு பேருக்கு ஒண்ணு போதும்னு வுட்டுட்டோம்."

"ஒரு பக்கமே கனம் நிக்கக் கூடாதும்மா. தளம் விரிசல் வுடும்."

குனிந்து, இரண்டு டேங்குக்கும் நடுவில் ஓடுகிற குழாயில் ஒரு திருகைக் கண்டுபிடித்தார். வீடு கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு திருகு இருப்பது எனக்கே தெரியாது. துரு பிடித்திருந்தது. தோளில் கிடந்த துண்டை அதில் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகினார். காலி டேங்குக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை வெயிலில் நின்றுவிட்டு, அதற்கப்புறம்தான் அறையைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

எங்கே போனாலும் எந்தப் பக்கம் கனம் என்று பார்க்கிற மனிதர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. எனக்கு எழுதத் தெரியாது. நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் படிக்கிற தமிழாக மாற்றிப் போடுகிறாள். போடட்டும், விஷயம் என்னுடையது. அவர் பேரை மட்டும் போட வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். அவர் நன்றாக இருக்கிறார், யாராவது படித்துவிட்டு அவரிடம் போய்க் குடைய வேண்டாம்.

ஆரணியிலிருந்து செய்யார் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்களின் பஸ்ஸுக்கு அவர் டிரைவர். விடிகாலையில் ஒரு நடை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு நடை. நடுவில் வீட்டில் இருப்பார். என் மருமகளும் அந்த பஸ்ஸில்தான் போவாள். சாயங்காலம் வந்து அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பஸ்ஸில் டீசல் முள் நன்றாக வேலை செய்கிறதாம். ஆனாலும் அவர் கோடு போட்ட குச்சி ஒன்று வைத்துக்கொண்டு, தினமும் டேங்குக்குள் விட்டு அளந்துதான் வண்டியை எடுப்பாராம். ஜன்னலோரத்துக்காகப் பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்துவிட்டால், கண்ணாடியில் பார்த்து,

"ரெண்டு பேர் இந்தாண்ட வாங்கம்மா, வண்டி இழுக்குது" என்பாராம்.

"வண்டி இழுக்கலண்ணா, எங்க கலாதான் கனமா கீறா" என்று ஒருத்தி சொல்ல, கலா என்கிற பெண் அவள் முதுகில் ஒன்று வைப்பாளாம்.

போளூர் பக்கத்துக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். அங்கேயும் இதே கதை. ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம் உட்காருவார்களாம்.

"பொம்பளைங்க பக்கம் நெரம்பி வழியுது, ஆம்பளைங்க பக்கம் பாதி பெஞ்சு காலி. அந்தக் கோயிலு ஒரு பிளேனா இருந்தா கெளம்பவே கெளம்பாதும்மா" என்பார்.

கல்யாணம் ஆகவில்லை. ஐம்பது வயசு. நான் சும்மா இருப்பேனா, கேட்டுவிட்டேன்.

"ரெண்டு எடத்துல பொண்ணு பாத்தாங்கம்மா. ரெண்டு வூட்லயும் ஒரே நாள்ல சரின்னுட்டாங்க. எந்தப் பக்கமும் சாய முடியல."

பொய்தான். பொய்யென்று எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

பிளேனுக்கு வருகிறேன். ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும், கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே விடாமல் ஒரு இரைச்சல். மேஜை மேல் இரண்டு கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன், கையில் சின்ன ஸ்டியரிங். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்கம்மா. இப்ப எழுந்துக்க முடியாது. அந்தமான் கிட்ட கீறேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லுங்கி கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதர் அந்தமானில் இருக்கிறாராம். பிறகு விவரமாகச் சொன்னார். நிஜப் பிளேன் இல்லை, கம்ப்யூட்டருக்குள் பறக்கிற பிளேன். ஆனால் நிஜத்தில் எந்த ஸ்விட்சைப் போட்டால் என்ன நடக்குமோ, இதிலும் அதுவே நடக்கும். நிஜத்தில் நாலு மணி நேரம் ஆகிற இடத்துக்கு இதிலும் நாலு மணி நேரம். இப்படி ஓட்டுகிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கிளப்பும் இருக்கிறது. அவர் ஓட்டியது ரொம்பப் பழைய பிளேன். நாலு என்ஜின்.

"அறுவது வருசத்துக்கு முன்னாடி பறந்ததும்மா. இப்ப எங்கயும் கெடையாது."

"புதுசா நல்லதா ஒண்ணு ஓட்டக் கூடாதா?"

"புதுசுல எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். டிரைவருக்கு வேலயே இல்ல. இதுல நாம பாக்கலன்னா யாரும் பாக்க மாட்டாங்க."

என்ன பார்க்க வேண்டும் என்றால், பெட்ரோல். அதற்கு வேறு பேர் உண்டு, எனக்கு வாயில் வராது. அந்தப் பிளேனில் ஐந்து டேங்க். வயிற்றில் ஒன்று. இடது றெக்கையில் உள்பக்கம் ஒன்று, ஓரத்தில் ஒன்று. வலது றெக்கையிலும் அதே மாதிரி இரண்டு. எதிலிருந்து எப்போது எடுப்பது என்று முறை இருக்கிறது. முதலில் வயிற்றில் இருப்பதைத் தீர்க்க வேண்டும். அடுத்தது உள்பக்கத்து இரண்டும். ஓரத்து இரண்டையும் கடைசியில்தான் தொட வேண்டும். அந்தக் கனம்தான் றெக்கை மேலே வளைந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருக்குமாம். முன்காலத்தில் இதைப் பார்க்கிறதற்கென்றே மூன்றாவதாக ஒரு ஆள் டிரைவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாராம், அவரை என்ஜினியர் என்பார்களாம். இவர் ஒற்றை ஆளாக எல்லாம் செய்துகொண்டிருந்தார். இரண்டாவது கம்ப்யூட்டர் முழுக்க முள்ளும் ஸ்விட்சும்தான்.

எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் முள் பார்க்கத் தெரியும். அதற்குக் காரணம் உண்டு. என் கணவர் பட்டு நெய்தபோதும் சரி, இப்போது என் மகன் நெய்யும்போதும் சரி, தார் சுற்றித் தருவது நான்தான். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிதான் தார். அதில் சுற்றிய நூல், நாடா குறுக்கே ஓட ஓடத் தீர்ந்துகொண்டே வரும். தீர்வதற்குள் அடுத்ததை மாற்ற வேண்டும். விட்டால் சேலையின் நடுவில் ஒரு இழை பாதியில் நின்றுவிடும். எந்தத் தாரில் இன்னும் எத்தனை ஓட்டம் இருக்கிறது என்று பார்வையிலேயே சொல்கிறவள் நான். எனக்கு ஐந்து முள் என்ன பெரிய விஷயம்?

டேங்குகளின் பேர்தான் நினைவில் நிற்கவில்லை. அதனால் நானே பேர் வைத்தேன். வயிற்று டேங்க் மாமியார். அவளிடம் இருப்பதை முதலில் வாங்கிவிட வேண்டும். உள்பக்கத்து இரண்டும் மருமகள்கள், நாள் முழுக்க உழைக்கிறவர்கள். ஓரத்து இரண்டும் நாத்தனார்கள். கடைசி வரை அவர்கள் மேல் கை வைக்கக் கூடாது. இதைச் சொன்னபோது அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிரித்தார். பிளேன் கொஞ்சம் ஆடியது. மறுவாரம் ஹெட்போனில் யாரிடமோ, "மாமியார் காலி சார், மருமவளுங்கள தொறந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து ஆள் என்ன நினைத்தாரோ.

அவர் அடிக்கடி சொல்கிற ஒன்று எனக்குப் பாடமாகவே ஆகிவிட்டது.

"காலியான டேங்க தொறந்து வச்சிகினு இருக்கக் கூடாதும்மா. காத்த இழுக்கும், என்ஜின் நின்னுடும். காலின்னு தெரிஞ்சா மூடிடணும். சில பேரு மூட மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் இருக்கும், இன்னும் கொஞ்சம் இருக்கும்னு வச்சிகினே இருப்பாங்க."

"அவ்ளோ நப்பாசையா?"

"நப்பாச இல்லம்மா, வெக்கம். தீந்து போச்சுன்னு ஒத்துக்கறதுக்கு வெக்கம்."

முதல் வருஷம் எங்கள் பேச்சு 'வாங்க, போங்க' என்றுதான் இருந்தது. இந்த முள் பார்க்கிற வேலையில் நான் எப்போது 'வா தம்பி' என்று மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மட்டும் கடைசி வரை மாறவில்லை.

இரண்டாவது வருஷம் ஆடி மாசத்தில் ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டார். வாந்தியும் எடுத்தார். பித்தம் என்று நான் இஞ்சிச் சாறு கொடுத்தேன். மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் எனக்குப் பதவி வந்தது. அதுவரை சும்மா வேடிக்கை பார்த்தவளிடம்,

"ம்மா, வலது பக்கத்து முள்ளு ரெண்டையும் நீங்களே பாத்துக்கங்க. இடது பக்கம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே வந்து மகனிடம் சொன்னேன். "எங்கம்மா பிளேன் ஓட்டுறாங்க" என்று அவன் தெருவெல்லாம் சொல்லிவைத்தான். பூக்காரி கூட, "இன்னா ஆயா, டிக்கெட்டு எப்போ தருவ?" என்று கேட்டாள். வலது பக்கத்தில் இருந்த இரண்டாவது கம்ப்யூட்டரை இடது பக்கத்துக்கு மாற்றி வைத்தார். ஜன்னல் வெளிச்சம் கண் கூசுகிறது என்றார். சரி என்று நானும் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

வேறு சிலதும் நடந்தது. அப்போது அவற்றை நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. படியிறங்கி வரும்போது அவர் வலது தோள் நிலைக்கதவில் இடிக்கும். வாசலில் நான் போட்ட கோலத்தில் வலது ஓரம் மட்டும் தினமும் மிதிபட்டிருக்கும். மற்றவர்கள் என்றால் திட்டியிருப்பேன். தட்டில் வலது பக்கம் வைத்த பொரியல் அப்படியே திரும்பி வரும். கத்தரிக்காய் பிடிக்காதோ என்று நினைத்து வாழைக்காய்க்கு மாற்றினேன். அதுவும் திரும்பி வந்தது. என் மருமகள் ஒரு நாள் புதுசாக ஒன்று சொன்னாள்.

"அத்த, இப்பல்லாம் என்ன முன் சீட்லதான் உக்காரச் சொல்றாரு. களம்பூர் ரோடு முக்கு வந்தா, 'வலது பக்கம் வண்டி வருதாம்மா'ன்னு என்னக் கேக்கறாரு. ரொம்ப உஷாரு."

"பொறுப்பான ஆளு" என்றேன் நான். சொன்னது நான்தான்.

கிளப்பில் பெரிய பயணங்களுக்கு அவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு பரீட்சை வைத்தார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர், நாலு மணி நேரம், முழுக்கக் கடல். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தன் வீட்டில் இருந்தபடியே பிளேனைப் பார்த்துக்கொண்டு கூட வருவார். ஒரு வாரமாக இவர் பெட்ரோல் கணக்கை நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் உட்கார்ந்தோம். நான் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். கோயம்புத்தூர்க்காரருக்கு நான் தெரிய மாட்டேன் என்று சொன்னார்கள். இருந்தாலும் கட்டினேன்.

மாமியார் தீர்ந்தாள். மூடினார். மருமகள்கள் இரண்டு பேரையும் திறந்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது கீழேயிருந்து என் மகன் கத்தினான்.

"மா, தார் ஒண்ணு கூட இல்ல. சுத்தி வச்சிட்டுப் போகக் கூடாது?"

எனக்கு அப்படியே பேஜாராகிவிட்டது. அவர், "போய்ட்டு வாங்கம்மா, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணும் கெடையாது" என்றார். போய் அவசர அவசரமாகச் சுற்றினேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

மறுபடி படியேறி வாசலில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியே நின்றது. வலது பக்கத்து முள்ளுக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, வலது மருமவ காலி."

"இல்லம்மா. இடது பாதி கீது. அப்ப வலதும் பாதிதான்."

"நான் இடதக் கேக்கல. வலதப் பாரு."

"ஸ்டியரிங் காத்துக்குத் திரும்பி கீது, வேற ஒண்ணும் இல்ல."

"தம்பி, சிவப்பு வெளக்கு எரியுது. தலயத் திருப்பிப் பாரு."

அவர் தலையை முழுக்கத் திருப்பினார். அப்போதுதான் பார்த்தார். வாசலில் இருந்து எனக்குத் தெரிந்த விளக்கு, ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை.

வலது மருமகளை மூடினார். இடது மருமகளிடமிருந்து நாலு என்ஜினுக்கும் வழி திறந்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. ஸ்டியரிங் மெல்ல மெல்ல நேராக வந்தது. நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். நிலைக்கதவு, கோலம், வாழைக்காய்ப் பொரியல், இடம் மாறிய கம்ப்யூட்டர், எனக்கு வந்த பதவி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மனசில் வந்து நின்றன. கடைசியாக வந்தது முன் சீட்டு.

"தம்பி, பிளேனுக்கு வலது பக்கம் நான் பாக்கறேன். நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு யாரு பாப்பா?"

அவர் ஹெட்போனின் மைக்கை மேலே தள்ளினார்.

"உங்க மருமவதான்" என்றார்.

இப்போது இதை எழுதுகிறவள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது. ஆடியில படுத்தனே, அன்னையில இருந்து எதப் பாத்தாலும் வலது பக்கம் பாதி இல்ல. நேரா கீறது நல்லாத் தெரியுது. தலயத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கறேன். ஆறு மாசமா ஒண்ணும் ஆவல."

"அவ பாதி நாள் போன்ல பேசிகினு வர்றவ. மீதி நாள் தூங்கி வழியறவ. அவ கண்ண நம்பி நாப்பது பொம்பளைங்கள ஓட்டிகினு போறியா?"

"வண்டி ஓட்டறதத் தவுர எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"இன்னும் கொஞ்சம் இருக்கும், இன்னும் கொஞ்சம் இருக்கும்னு சில பேரு வச்சிகினே இருப்பாங்கன்னு எனக்குச் சொன்னது யாரு?"

அவர் முள் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கோபத்தில் எழுந்து கீழே போயிருப்பேன். ஆனால் பிளேன் நடுக்கடலுக்கு மேலே இருந்தது, விட்டுவிட்டு எப்படிப் போவது? வலது நாத்தனார் எவ்வளவு என்று அவர் கேட்டார், நான் சொன்னேன். இடது எவ்வளவு என்று நான் கேட்டேன், அவர் சொன்னார். வேறு ஒரு வார்த்தை இல்லை. சிங்கப்பூர் வந்தது. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாதபடி இறக்கினார்.

கோயம்புத்தூர்க்காரர் பேசியதை நானும் கேட்கட்டும் என்று சத்தத்தை வெளியே விட்டார்.

"நல்லா ஓட்டீட்டீங்க. வலது டேங்குல வேணும்னேதான் நானு ஓட்டை போட்டு வுட்டேனுங்க. எப்பக் கண்டுபுடிக்கறீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். கடைசி நேரத்துல புடிச்சீட்டீங்க. பாஸுங்க."

அப்படியே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் மைக்கை வாய்க்கு நேரே இறக்கினார்.

"நான் கண்டுபுடிக்கல சார்" என்றார். "எனக்கு வலது பக்கம் கண்ணு தெரியாது. எங்க வூட்டு அம்மாதான் பாத்தாங்க."



"அப்படிங்களா" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அந்தப் பிளேனை ஒருத்தரா ஓட்டச் சொல்லி யாருமே செய்யலைங்களே. மூணு பேரு ஓட்டுனது. நீங்க ரெண்டு பேரு ஓட்டீருக்கீங்க. அந்தம்மா பேரச் சொல்லுங்க, என்ஜினியர்னு எழுதிக்கறேன்."

என் பேரை அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். எனக்கே எழுதத் தெரியாத பேர் கோயம்புத்தூரில் ஏதோ ஒரு நோட்டில் ஏறியது. வேறொரு நாளாக இருந்தால் நான் தெருவுக்கே பாயசம் வைத்திருப்பேன்.

பிறகு அவர் போனை எடுத்தார். நான் எழுந்தேன்.

"இருங்கம்மா" என்றார். பஸ்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியை என் எதிரிலேயே கூப்பிட்டார். "சார், நாளைக்குக் காலைல வேற டிரைவர அனுப்புங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல சார், நாளைக்கு மட்டும் இல்ல."

அதற்கப்புறம் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். மூளையில் பார்வைக்கான இடத்துக்கு அன்றைக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கிறது. போன பக்கம் போனதுதான், மாத்திரை விடாமல் சாப்பிட்டால் மறுபடி அப்படி வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இப்போது கம்பெனி பஸ் நிற்கிற ஷெட்டில் டீசல் அளந்து போடுகிற வேலை. குச்சியும் கையுமாக இருக்கிறாராம். செய்யாரிலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஓட்டும்போது வீடியோவில் என்னைக் கூப்பிட்டு, போனை முள்ளுக்கு நேரே நிறுத்தி வைப்பார். நான் தார் சுற்றிக்கொண்டே வலது பக்கம் சொல்லுவேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண் முன் வருவது அந்தத் திங்கட்கிழமைதான். பஸ் தெருமுனையில் வந்து நின்றது. உள்ளே வேறு டிரைவர். பெண்கள் எல்லாம் ஏறாமல் நின்றார்கள். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி, என்னோடு அங்கே வந்து, வேலைக்குப் போகிறவர் போல அவர்கள் எதிரில் நின்றார். வீட்டிலேயே இருந்திருக்கலாம். வந்தார்.

"வலது பக்கம் எனக்குக் கண்ணு தெரியலம்மா. ஆறு மாசமா உங்க கிட்டச் சொல்லாம ஓட்டிட்டேன். தப்பு."

எப்போதும் எல்லாரையும் சிரிக்க வைக்கிற கலா முன்னால் வந்தாள்.

"எம் புள்ளைக்கு ரெண்டு வயசுண்ணா" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் மருமகள் முதல் ஆளாக ஏறிப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் ஆற ஒரு மாசம் ஆயிற்று. இப்போது அவள்தான் பண்டிகைக்கு அவருக்குப் பலகாரம் கட்டி அனுப்புகிறாள்.

எல்லாரும் ஏறிய பிறகு, அந்தக் குச்சியைப் புது டிரைவரிடம் கொடுத்தார்.

"முள்ள மட்டும் நம்பாத தம்பி. தெனம் இத வுட்டுப் பாத்துட்டு எடு."

பஸ் கிளம்பியது. ஜன்னலோரமாக எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அப்போது உள்ளேயிருந்து கலாவின் குரல் கேட்டது.

"ரெண்டு பேரு இந்தாண்ட வாங்கடி, வண்டி இழுக்குது."

பஸ் திரும்பி மறைகிற வரை நின்றோம். வீட்டுக்குத் திரும்பினோம். அவருக்கு வலது பக்கம் பால்காரர் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது, கொக்கியில் கேன் தொங்க. நான் இடது பக்கமிருந்து சுற்றி வந்து, அவருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நடந்தேன்.

"இன்னாம்மா, இந்தாண்ட வந்துட்டீங்க?"

"ஒரு பக்கமே கனம் நிக்கக் கூடாது தம்பி" என்றேன்.